ஆணியில மாட்டுன சட்டை

எங்க மாமா சேலம் பனங்காட்டுல கொலுசுப் பட்டறை வச்சிருந்தாரு, நான் எட்டாவது ஒம்போதாவது படிக்கிறப்ப லீவு விட்டா அங்கதான் கெடப்பேன், கம்பி இழுக்கிற சத்தமும் கொலுசு பத்த வைக்கிற, அதான் நெருப்புல காட்டி ஒட்டற, கேஸ் வாசனையும் இன்னும் மூக்குலயே இருக்கு. காலைல எடை போட்டு வெள்ளி குடுப்பாங்க, சாயந்திரம் முடிஞ்ச கொலுசு, வெட்டுன துண்டு, கூட்டி அள்ளுன தூசின்னு எல்லாத்தையும் சேத்து திரும்ப எடை போட்டு சேதாரத்தக் கழிச்சா கணக்கு நேராகணும். ஒரு நாள் ஆகல. அறுபது கிராம் கொறையுது.

தேடுனா ஒருத்தன் சட்டைப் பாக்கெட்டுல இருக்கு. சட்டை பட்டறைக்குள்ளயே ஆணியில தொங்குது, அவன் பனியனோட டீக்கடைக்குப் போயிருக்கான். திரும்பி வந்தவன் வெளிறிப்போயி "மறந்துட்டேன்ணே, எடை போடக் கொண்டு போறப்ப போன் வந்துச்சு, பாக்கெட்டுல போட்டேன், அப்படியே மறந்துட்டேன்"ங்கறான். மாமா கையை ஓங்கிட்டாரு, "வேணும்னேதான்டா நீ எடுத்த"ன்னு. அப்ப திண்ணையில சின்ன வெங்காயம் உரிச்சிட்டிருந்த எங்க அம்மாயி, அம்மாவோட அம்மா, தலையக்கூட நிமிராம, "எடுக்கணும்னு எடுத்தவன் சட்டைய இங்கயே மாட்டிட்டுப் போவானாடா? போட்டுக்கிட்டுல்ல போவான்"னுச்சு. அவ்ளோதான். மாமா கை இறங்கிருச்சு.

நான் இப்ப வக்கீல், அஸ்தம்பட்டி கோர்ட்டுல கிரிமினல் சைடு, பன்னெண்டு வருஷம் ஆகப்போகுது. இந்தப் பன்னெண்டு வருஷத்துல எதிரியோட, அதான் குத்தம் சாட்டப்பட்டவனோட, மனசு எப்படி இருந்துச்சுன்னு நான் ஜட்ஜ் முன்னாடி பண்ணுன ஆர்க்யுமெண்ட் எல்லாத்தையும் பிழிஞ்சா அம்மாயி சொன்ன அந்த ஒரு வரிதான் சொட்டும். ஒருத்தன் என்ன நெனச்சான்னு நேரா பாக்க முடியாது, அவன் நடந்துக்கிட்டதப் பாத்து, திருடணும்னு ஆசையும் மாட்டிப்போம்ங்கற பயமும் இருக்கறவன் இப்படி நடப்பானான்னு கேட்டு, பின்னாடியே நடந்து போயி மனசத் தொடணும். எவிடென்ஸ் ஆக்ட் 1872-லயே எட்டாவது செக்‌ஷனா இது இருந்துச்சு, மோட்டிவ், முன்னேற்பாடு, நடத்தைன்னு, அதுக்குப் பதிலா வந்த புதுச் சட்டத்துலயும் நம்பர் மாறி அப்படியே இருக்கு.

தத்துவம் படிக்கிறவங்க இதுக்கு ஃபோக் சைக்காலஜின்னு பேர் வச்சிருக்காங்க. தமிழ்ல நாட்டுப்புற உளவியல்னு மொழிபெயர்த்தா ஏதோ தெம்மாங்கு கச்சேரி மாதிரி இருக்கு, அதனால நான் அம்மாயி சைக்காலஜின்னே வச்சுக்கறேன். ஆசைப்பட்டான், நம்புனான், தெரிஞ்சே பண்ணுனான், மறந்துட்டான், ஆத்திரத்துல பண்ணுனான், வீம்புக்குப் பண்ணுனான். எந்தக் காலேஜுலயும் படிக்காம நம்ம எல்லார்கிட்டயும் இருக்கற சொல்லுங்க. கிரிமினல் சட்டம் மொத்தமும் இந்தச் சொல்லுங்க மேலதான் உக்காந்திருக்கு, அதுதான் விஷயமே. 1860 இந்திய தண்டனைச் சட்டத்த எடுங்க, இல்ல அதுக்குப் பதிலா 2024 ஜூலை 1-லேர்ந்து நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவ எடுங்க, ஒரு ஆள் செத்துட்டான், அது ஒண்ணுதான் நடந்தது, ஆனா சாகடிக்கணும்னு பண்ணுனியா, செத்துருவான்னு தெரிஞ்சும் பண்ணுனியா, இல்ல கவனமில்லாம பண்ணுனியான்னு கேட்டு, அதுக்குத் தகுந்த மாதிரி தூக்கு வரைக்கும் போறதும் சில வருஷத்தோட முடியறதும் இருக்கு. பொணம் ஒண்ணுதான், செக்‌ஷன்தான் மாறுது, மாத்தறது வினைச்சொல்லு.

அமெரிக்க நீதிபதி ஹோம்ஸ் 1881-லயே சொல்லிட்டாரு, தடுக்கி மிதிச்சதுக்கும் வேணும்னே ஒதச்சதுக்கும் நாய்க்குக்கூட வித்தியாசம் தெரியும்னு. எங்க தெரு நாய்ங்களப் பாத்தா அது சரின்னுதான் தோணுது.

தமிழ்ல இந்த வித்தியாசம் இலக்கணத்துக்குள்ளயே ஒக்காந்திருக்கு. எங்க வீட்டுல பொண்ணு டம்ளரப் போட்டு உடைச்சா "அப்பா, டம்ளர் உடைஞ்சிருச்சு"ன்னுதான் வரும், ஒருநாளும் "உடைச்சுட்டேன்"னு வந்ததில்ல. அதே டம்ளர அவ தம்பி உடைச்சா "உடைச்சுட்டான்". மூணு வயசுலயே டிஃபென்ஸ் லாயர், நாலு வயசுல பப்ளிக் பிராசிகியூட்டர். இது வெறும் ஜோக் இல்லைங்க, 1956-ல சுப்ரீம் கோர்ட்டுல பாஸ்தேவ்ன்னு ஒரு கேஸ். ராணுவத்துலேர்ந்து ரிட்டையர் ஆன ஜமேதார் ஒருத்தர் கல்யாண வீட்டுல நல்லா குடிச்சிட்டு, ஒரு பையன கொஞ்சம் தள்ளி உக்காருன்னு சொல்றாரு, பதினஞ்சு பதினாறு வயசுப் பையன், அவன் நகரல, துப்பாக்கிய எடுத்து வயித்துல சுட்டுட்டாரு. ஒரு சீட்டுக்காக. புடிச்சதும் அவரு என்ன சொல்லி மன்னிப்புக் கேட்டாருன்னா, என்கிட்டேர்ந்து அது நடந்து போச்சுன்னு. நான் பண்ணிட்டேன்னு இல்ல. டம்ளர் உடைஞ்சிருச்சு. கோர்ட் என்ன பாத்துச்சுன்னா, அந்த ஆள் சில சமயம் தள்ளாடுனாலும் தானா நடந்தாரு, கோர்வையா பேசுனாரு, சுட்டதும் தப்பிச்சு ஓடப் பாத்தாரு, அப்ப மனசு வேலை செஞ்சிட்டுத்தான் இருந்துருக்கு. கொலைதான்னு சொல்லிட்டாங்க. ஏன் பண்ணுனான்ங்கற மோட்டிவ் வேற, பண்ணணும்னு நெனச்சதுங்கற இன்டென்ஷன் வேற, என்ன ஆகும்னு தெரிஞ்சிருந்ததுங்கற நாலெட்ஜ் வேறன்னு அந்தத் தீர்ப்புல பிரிச்சுக் காட்டுன எடத்த லா காலேஜுல எல்லாரும் மனப்பாடம் பண்ணுவோம், எனக்கு மனசுல நின்னது அந்த நடந்து போச்சுதான்.

போன தீபாவளி லீவுல பெங்களூர்லேர்ந்து ஒரு ஃப்ரெண்டு வந்திருந்தான், ஸ்கூல்லேர்ந்து பழக்கம், மூளை ஆராய்ச்சி பண்றான். ரெண்டு பேரும் ஏற்காடு கெளம்புனோம், அடிவாரம் செக்போஸ்ட் தாண்டறதுக்குள்ளயே ஆரம்பிச்சுட்டான். "மாப்ள, நீங்கல்லாம் இன்னும் இன்டென்ஷன்னு பேசிட்டிருக்கீங்களே, வெக்கமா இல்லையா?" லிபெட்னு ஒருத்தர் 1983-ல பண்ணுன சோதனைய எடுத்து விட்டான். கை விரல அசைக்கணும்னு தோணுனப்ப அசைங்கன்னு சொல்லி மூளையில மின்சாரத்த அளந்துருக்காங்க, அசையறதுக்கு அரை செகண்டுக்கு மேல முன்னாடியே மூளை ரெடியாக ஆரம்பிச்சிருது, ஆனா அந்த ஆளு இப்ப அசைக்கப் போறேன்னு தனக்குத் தெரிஞ்சதா சொன்ன நேரம் அசையறதுக்குக் கால் செகண்டுக்கும் கம்மியா முன்னாடிதான். அப்ப முடிவு எடுத்தது யாரு? நீ ஜெயிலுக்கு அனுப்பறது யார? அப்பறம் சர்ச்லாண்ட்னு ஒரு தத்துவக்காரர், 1981-ல எழுதுனவரு, நம்பிக்கை ஆசை எண்ணம்னு நாம பேசறதெல்லாம் ஒரு பழைய தியரி, அதுவும் தப்பான தியரி, மூளை அறிவியல் வளந்தா இதத் தூக்கிப் போட்டுரலாம்னு சொன்னவரு, அவரையும் இழுத்தான்.

அஞ்சாவது ஹேர்பின் பெண்டுலயோ ஆறாவதுலயோ ஒரு பைக்காரன் இறக்கத்துல எங்க பக்கம் முழுசா வந்து வளைச்சான் பாருங்க, நான் ஓரமா ஒதுங்கி பாறைய ஒட்டி நிறுத்தறேன், நம்ம சயின்டிஸ்ட் கண்ணாடிய எறக்கி "வேணும்னே வரான் பாரு நாயி"ங்கறான். நான் சிரிச்சுட்டேன். அவன் லேசுப்பட்டவன் இல்ல, "சூரியன் உதிக்குதுன்னுதான் நானும் சொல்றேன், அதுக்காக பூமி சுத்தலன்னு ஆயிருமா"ன்னு திருப்பி அடிச்சான். நல்ல அடி. ரெண்டு பெண்டுக்கு எனக்குப் பதிலே வரல.

பதில் ரோட்டுலயே இருந்துச்சு. மழைக்காலத்துல பாறை உருளற எடத்துல என்ன வச்சிருக்காங்க? தடுப்புச் சுவரு, மணல் மூட்டை. வளைவுல என்ன வச்சிருக்காங்க? ஹாரன் அடிக்கவும்னு போர்டு. பாறைக்கு யாரும் போர்டு வைக்க மாட்டாங்க. கொரங்குக்கும் வைக்க மாட்டாங்க, கொரங்குக்குத் தீனி போடாதீங்கன்னு எழுதறதுகூட நமக்குத்தான், கொரங்குக்குக் குச்சிதான். போர்டுங்கறது படிச்சு, அட ஆமா எதுக்க வண்டி வரும், அடிச்சா செத்துருவோம், சாக ஆசையில்ல, ஹாரன் அடிப்போம்னு யோசிக்கிற ஆளுக்காக நட்டது. சட்டம்ங்கறது மொத்தமும் அந்த மாதிரி ஒரு போர்டு. மூளை உள்ள என்ன மின்சாரம் ஓடுதுன்னு அது கேக்கல, காரணம் சொன்னா காதுல வாங்கற ஆளா நீன்னு கேக்குது. பென்சில்வேனியாவுல ஸ்டீஃபன் மோர்ஸ்னு ஒரு சட்டப் பேராசிரியர் ரொம்ப நாளா சொல்லிட்டிருக்கறது இதுதான், மூளை குத்தம் பண்றதில்ல, ஆள்தான் பண்றான், ஆள்ங்கறவன் காரணத்துக்காக நடக்கறவன்னு எடுத்துக்கிட்டாதான் சட்டம்னு ஒண்ணு பேசவே முடியும்னு. சூரியன் உதிக்கல, பூமிதான் சுத்துதுன்னா பஞ்சாங்கத்துக்கு ஒண்ணும் ஆயிராது, ஆனா யாரும் எதையும் நெனச்சுப் பண்றதில்லன்னா அந்த போர்ட யாருக்கு நடறது? இத நான் சொன்னதுக்கு அவன் "அப்ப எல்லாருக்கும் சுவரு கட்டுங்க"ன்னான். அவன் சிரிச்சிக்கிட்டேதான் சொன்னான், ஆனா அந்த ஊர நெனச்சா எனக்குக் கொஞ்சம் திக்குன்னு இருந்துச்சு, ஆபத்தான ஆளு, ஆபத்தில்லாத ஆளுன்னு மட்டும் பிரிச்சு அடைச்சு வைக்கிற ஊரு, அங்க "தெரியாம பண்ணிட்டேன்"ங்கற வார்த்தைக்கே மதிப்பு கெடையாது.

அப்படி ஒரு நீதி நம்மூர்க் கதையிலயே இருக்கு. மனுநீதிச் சோழன். மகன் தேர்ல வந்தான், கன்னுக்குட்டி குறுக்க துள்ளி வந்து சக்கரத்துல விழுந்துச்சு, வேணும்னு ஏத்தல, மந்திரிங்க அதத்தான் சொல்றாங்க, ராஜா காதுல வாங்கல, மகன் மேல தேர ஓட்டிட்டாரு. சின்ன வயசுல கேக்க கம்பீரமா இருந்துச்சு. இன்னிக்கு இந்தக் கேஸ் என்கிட்ட வந்தா பெயிலுக்கே கஷ்டப்பட வேண்டியதில்ல. மெட்ராஸ் ஹைகோர்ட் வளாகத்துல அவருக்கு செலை இருக்கு, உள்ள நடக்கற சட்டம் அவருக்கு நேர் எதிரானது, மனச பாக்காம தண்டிக்காதங்கற சட்டம். யாரும் கண்டுக்கறதில்ல, நானும் போறப்ப ஒரு கும்புடு போட்டுட்டுத்தான் போறேன்.

மூளைய நேரா படிச்சு உண்மைய எடுத்துரலாம்னு நம்மூர்லயும் ஒரு மோகம் இருந்துச்சு, மருந்து குடுத்துப் பேச வைக்கிற நார்கோ, பொய்யக் கண்டுபிடிக்கிற பாலிகிராஃப், மூளை அலையப் பாக்கற பிரெய்ன் மேப்பிங்னு. 2010-ல செல்வி எதிர் கர்நாடகா வழக்குல சம்மதமில்லாம அதப் பண்ணக்கூடாதுன்னு சுப்ரீம் கோர்ட் சொல்லிருச்சு. அதனால மறுபடி அம்மாயி முறைதான்.

அதுக்காக அம்மாயி முறை சுத்தம்னு நான் சொல்ல வரல. எங்க பக்கத்து எஃப்ஐஆர் படிச்சவங்களுக்குத் தெரியும், அடிதடின்னா கெட்ட வார்த்தைக்கு 296 பி, அடிச்சதுக்கு 115 ரெண்டு, மெரட்டலுக்கு 351 மூணு, வாயால சொல்லிட்டே போலாம், அதுல எதிரி ஒவ்வொருத்தரும் "உன்னை உயிரோடு விடமாட்டேன்டா என்று கூறி" அப்பறந்தான் அடிப்பான். எல்லா ஊர்லயும், எல்லா சண்டையிலயும், இலக்கணம் தப்பாம. மனசு கண்ணுக்குத் தெரியாதுல்ல, அதனால போலீஸ் ஸ்டேஷன் ரைட்டர் அத எடுத்து எதிரி வாயில வச்சிடறாரு. நோபுன்னு ஒருத்தர் 2003-ல பண்ணுன ஒரு சின்ன சோதனை இன்னும் மோசம். கம்பெனி சேர்மன்கிட்ட வந்து இந்தத் திட்டத்துல லாபம் வரும் ஆனா சுற்றுச்சூழல் கெடும்ங்கறாங்க, அவரு சுற்றுச்சூழலப் பத்தி எனக்குக் கவலையில்ல லாபம் வந்தா போதும்ங்கறாரு, கெடுது. வேணும்னே கெடுத்தாரான்னு கேட்டா நூத்துக்கு 82 பேரு ஆமாங்கறாங்க. கெடும்ங்கறத எடுத்துட்டு நல்லது ஆகும்னு மட்டும் மாத்திட்டு இன்னொரு கூட்டத்துகிட்ட கேட்டா வேணும்னே நல்லது பண்ணுனாருன்னு சொன்னவங்க 23 தான். சேர்மன் மனசு ரெண்டு கதையிலயும் ஒண்ணேதான், கவலையில்ல. அப்ப வேணும்னேங்கற சொல்லு அவரு மனசத்தான் காட்டுதுன்னு எப்படி சொல்றது, நம்ம கோவமும் அதுல கலந்துதான் இருக்கு. இது சட்டத்த நடுங்க வைக்க வேண்டிய விஷயம், ஏன்னா பொணத்த முன்னாடி வச்சுக்கிட்டுத்தான் நாங்க இன்டென்ஷனப் பேசறோம்.

இன்னொண்ணு, யாரோட அம்மாயிங்கற கேள்வி. இங்கிலாந்துல நியாயமான மனுஷன்னா லண்டன்ல கிளாப்பம் பஸ்ல போற சாதாரண ஆளுன்னு சொல்லுவாங்க. நமக்கு ஜங்ஷன்லேர்ந்து பழைய பஸ் ஸ்டாண்டுக்கு கம்பியப் புடிச்சிட்டு நிக்கிற ஆளுன்னு வச்சுக்கலாம், ஆனா அந்த பஸ்ல பொம்பளைங்களும் நிக்கிறாங்கல்ல. கொலைக் குத்தத்தச் சின்னக் குத்தமா கொறைக்கிற முதல் விதிவிலக்க பாருங்க, கடுமையான திடீர்த் தூண்டுதல். கோவம்னா குப்புனு ஏறி, கொஞ்ச நேரத்துல ஆறிரும்ங்கறது அதுக்குள்ள இருக்கற சைக்காலஜி. நானாவதி கேஸ்ல 1961-ல சுப்ரீம் கோர்ட் பாத்ததும் அதுதான், தனக்கு இன்னொருத்தரோட உறவு இருக்குன்னு மனைவி சொன்னதக் கேட்டு, கப்பலுக்குப் போயி துப்பாக்கி வாங்கி, அந்த ஆளச் சுடறதுக்குள்ள சுமார் மூணு மணி நேரம், ஆறியிருக்கணும்னு சொல்லிட்டாங்க. கடற்படை ஆபீசருக்கு அது சரி. ஆனா பத்து வருஷம் அடி வாங்குன ஒருத்திக்குக் கோவம் பால் மாதிரி பொங்கறதில்ல, உமி மாதிரி உள்ளயே கனியுது, வெளிய ஒண்ணும் தெரியாது.

மெட்ராஸ் ஹைகோர்ட் 1989-ல சுயம்புக்கனி வழக்குல இதத் தொட்டுச்சு. குழந்தைங்களோட கெணத்துல குதிச்ச தாய், அவ பொழச்சுட்டா, குழந்தைங்க போயிருச்சுங்க. சட்டப் புத்தகத்துல திடீர்னுதான் இருக்கு, இங்க திடீர்னு ஒண்ணும் இல்ல. கோர்ட் என்ன சொல்லுச்சுன்னா அந்த விதிவிலக்குப் பட்டியல் முடிஞ்சு மூடுன பட்டியல் இல்ல, தொடர்ந்து வர்ற தூண்டுதலும் ஒண்ணுதான்னு, அதுக்கு வச்ச பேரு நல்லதங்காள் சிண்ட்ரோம். நல்லதங்காள் கதை தமிழ்நாட்டுல யாருக்கும் சொல்ல வேண்டியதில்ல, பஞ்சம், அண்ணன் வீடு, மூளி அலங்காரி, ஏழு குழந்தைங்க, கெணறு. மெக்காலே கமிஷன் எழுதுன தண்டனைச் சட்டத்துக்குள்ள எங்க அம்மாயி பாடி அழுத கதை ஒண்ணு நுழைஞ்ச எடம் அது, மொதல்ல படிச்சப்ப எனக்கு மயிர்க்கூச்செறிஞ்சுது. ரெண்டாவது தடவ படிச்சப்ப அவ்வளவு நிம்மதியா இல்ல. தாய் செத்தா புள்ளைங்க அனாதையாயிரும், அதனால கூட்டிட்டுப் போறாங்கறத நம்ம ஊரு புரிஞ்சுக்குது, அந்தப் புரிதல்லயே குழந்தைங்க தனி உயிருன்னு நெனப்பே இல்லாம இருக்கு. அவ மனச சரியா படிச்சது அந்தத் தீர்ப்பு, அதுல எனக்கு சந்தேகமில்ல. கெணத்துக்குள்ள இருந்தவங்க சார்பா ஆஜராக ஆள் இல்லைங்கறதும் உண்மை.

அம்மாயிகிட்ட திரும்பறேன். அந்த சட்டைக் கதைக்குப் பின்னாடி ஒண்ணு இருக்கு, நான் கோர்ட்டுல சொல்லாதது. ரெண்டு வருஷம் கழிச்சு அதே பட்டறையில இன்னொருத்தன், வெளியூர்லேர்ந்து வேலைக்கு வந்தவன், அதே மாதிரி எடை கொறைஞ்சு, அதே மாதிரி ஆணியில தொங்குன சட்டையில இருபது கிராம். அம்மாயி அன்னிக்கும் திண்ணையிலதான் இருந்துச்சு. "சட்டைய மாட்டிட்டுப் போனதே நம்ம கண்ணுல மண்ணத் தூவத்தான்டா"ன்னுச்சு. அவன மாமா அன்னிக்கே கணக்கு முடிச்சு அனுப்பிட்டாரு. நான் லா படிக்கிறப்ப ஒரு தடவ கேட்டேன், ஏன் அம்மாயி, ரெண்டும் ஒரே சட்டைதான, ஒரே ஆணிதானன்னு. ரொம்ப நேரம் யோசிச்சிட்டு, "அவன் மூஞ்சியே சரியில்லடா"ன்னுச்சு.

அதுக்கும் செக்‌ஷன் இருக்குங்க. பழைய சிஆர்பிசில, அதான் குற்ற விசாரணை முறைச் சட்டத்துல, 280, சாட்சி சொல்றப்ப அவங்க நடந்துக்கற தோரணையப் பத்தி நீதிபதி குறிப்பு எழுதி வைக்கலாம்னு. போன மாசம் கோர்ட்டுல சாட்சி சொன்னத எழுதி வச்ச டெபாசிஷன் காப்பி ஒண்ணு படிச்சிட்டிருந்தேன், சாட்சி பதில் சொல்றப்பல்லாம் தலை குனிஞ்சபடியே இருந்தாருன்னு ஒரு வரி எழுதியிருக்கு, எதிர்த்தரப்பு வக்கீல் அத அடிக்கோடு போட்டு வச்சிருக்காரு. அந்த சாட்சி இருபத்தஞ்சு வருஷமா தலை குனிஞ்சே கொலுசு பத்த வைக்கிறவரு. அவங்கள்ல பாதிப் பேரு கல்யாண ஃபோட்டோவுலயே அப்படித்தான் நிப்பாங்க.